ஆற்றங்கரையில் யாருமில்லை என்று சொன்னேன்

“சார், டெக்னிக்கலா எதுவும் வேண்டாம். அதெல்லாம் இப்போ கம்ப்யூட்டரே பண்ணிடுது. நீங்க எங்கே தப்பு பண்ணீங்கன்னு எழுதுங்க. அதுதான் எங்களுக்கு யூஸ் ஆகும்.”

இப்படிக் கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். இங்கே ஒரு நகரசபையில் வீதித் திட்டப் பிரிவில் வேலை செய்கிறார். டென்மார்க்கின் நகரசபைகளில் திட்டமிடல் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் சேர்ந்து ஒரு சிறு மலர் கொண்டுவருகிறார்களாம். உங்களில் சிலர் இந்தியாவிலிருந்து வேலைக்கென்று வந்தவர்கள். மற்றவர்கள் எங்கள் பிள்ளைகள். இக்காஸ்டிலும் பிரெடெரிசியாவிலும் பிறந்து, தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லி வளர்ந்தவர்கள். இரு பகுதியினருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆறு பெருகி நகரத்துக்குள் வந்த குளிர்காலத்தைப் பற்றி எழுதினேன். அன்றைக்கு எந்த வீதியை மூடுவது, எந்த முதியோர் இல்லத்தை முதலில் காலி செய்வது என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். என்னை நானே பாராட்டிக்கொண்ட கட்டுரையாக இருந்தது. கிழித்துப் போட்டேன். நண்பர் கேட்டது அதுவல்ல.

நான் வேலை செய்த நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. யட்லாந்தின் கிழக்குப் பக்கம். வைலேயிலிருந்து ரயில் ஏறினால் ஒரு கோப்பி குடித்து முடிக்கும் தூரம். பெரிய நகரமும் அல்ல, சிறிய ஊரும் அல்ல. நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. இந்த நாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கவை குறைவு. நாங்கள் முதலில் பார்த்தபோது வாய்க்கால் என்றுதான் சொன்னோம். மேற்கே ஏரிகளில் புறப்பட்டு, புல்வெளிகளுக்குள் வளைந்து வந்து, தேவாலய மேட்டைச் சுற்றி, ரயில் பாலத்துக்குக் கீழே நுழைந்து, கடைசியில் குடாக்கடலில் சேர்கிறது.

நகரம் இந்த ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. நெசவாலை, இரும்பு வார்ப்பாலை, தோல் பதனிடும் ஆலை, எல்லாவற்றுக்கும் முன்வாசல் வீதிப் பக்கம், பின்கதவு ஆற்றுப் பக்கம். வேண்டாதது எல்லாம் பின்கதவால் போனது. நீலத்துணிக்குச் சாயம் போடும் நாளில் ஆறும் நீலமாக ஓடியதென்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பிறகு தறிகள் வேறு நாடுகளுக்குப் போயின, வார்ப்பாலை மூடப்பட்டது. அவற்றின் இடத்தில் பிளாஸ்டிக் வந்தது, காற்றாலைக்கு உதிரிப்பாகம் செய்யும் கொட்டகைகள் வந்தன, நெடுஞ்சாலை ஓரத்தில் ஜன்னலில்லாத பெரிய களஞ்சியங்கள் வந்தன. தாத்தா தறியில் நின்ற குடும்பத்தில் பேத்தி களஞ்சியத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்கிறாள். தன்னைப் பற்றிப் பெருமை பேசத் தெரியாத நகரம் அது. மழை விடட்டும் என்று காத்திராமல் சைக்கிளில் வேலைக்குப் போகும் நகரம்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களுக்கு அந்த நெசவாலைதான் முதல் வேலை தந்தது. ஆலையின் கடைசிக் காலம் அது. சாயமிடும் பகுதியின் வெக்கைக்கும் மணத்துக்கும் உள்ளூர் இளைஞர்கள் வரமாட்டார்கள். ஊரில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றிருந்த நான் அங்கே ஈரத்துணி தூக்கினேன். எனக்குப் பக்கத்தில் நின்று தூக்கியவன் பரமேஸ். கரவெட்டிப் பக்கத்து ஆள். என்னைவிட இளையவன். கட்டையன், வாய் ஓயாதவன். நான் டேனிஷ் பாடம் படிக்க மாலை வகுப்புக்குப் போன காலத்தில் என் கடைசி மணித்தியாலத்து வேலையையும் சேர்த்துச் செய்தவன். “நீங்கள் போங்கோ அண்ணை. எங்களிலை ஒராள் எண்டாலும் கதிரையிலை இருந்து வேலை செய்யட்டும்” என்பான்.

சாயப் பகுதிக்குப் பின்னால் ஆற்றுக்குள் இறங்கும் கருங்கல் படிகள் இருந்தன. முந்திய காலத்தில் துணி அலசக் கட்டியவை. இடைவேளையில் நாங்கள் அதில்தான் இருப்போம். எங்கள் ஆட்களில் முதலாவது மரணம் நிகழ்ந்தபோது, முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியை எங்கே செய்வது என்று தெரியாமல் நின்றோம். தகனம் செய்ய இங்கே வசதி உண்டு. சாம்பலை அனுமதி பெற்றுக் கடலில் கரைக்கலாம். ஆனால் அந்தியேட்டிக்கு நீர்க்கரை வேண்டும். குளித்து, ஈரத்தோடு இருந்து பிண்டம் வைக்க வேண்டும். குடாக்கடல் பக்கம் காற்று ஆளைத் தள்ளியது.

“ஏன் அண்ணை யோசிக்கிறியள்? எங்கடை படி இருக்குத்தானே” என்றான் பரமேஸ்.

ஆலைக் காவலாளியான வயோதிப டேனிஷ்காரர் விவரம் அதிகம் கேட்காமல் கொதிகலன் அறையின் சாவியைத் தந்தார். படியில் கிரியை, அறைக்குள் சூட்டில் உடுப்பு மாற்றித் தேநீர் குடிக்கலாம். ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுகரையில் நாணல். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. அன்றைக்குப் பிண்டம் தண்ணீரில் இறங்க முன்னமே வாத்துகள் வந்துவிட்டன. ஐயர் முகத்தைச் சுளித்தார். பரமேஸ் மெதுவாகச் சொன்னான்:

“ஊரிலை காகம் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கோணும். இஞ்சை பாருங்கோ, தாராவெல்லாம் நம்பர் எடுத்துக்கொண்டு வரிசையிலை நிக்குது. டென்மார்க் எல்லே!”

துக்க வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அதன் பிறகு நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் யார் இறந்தாலும் அந்தியேட்டி அந்தப் படியில்தான். ஆலை மூடிய பின்னும் சாவி காவலாளியிடம் இருந்தது. எழுத்தில் அனுமதி என்று ஒன்றும் கிடையாது.

நான் படித்து முடித்து, எங்கள் ஆட்கள் ‘கொம்யூன்’ என்று சொல்லும் நகரசபையின் திட்டப் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பிரிவின் தலைவி எனக்கு வேலை பழக்கியவர். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான், ஆனாலும் அவரை நினைக்கும்போது எனக்கு ‘நீங்கள்’ என்றுதான் வரும். அவர் ஓர் இடத்தைப் பற்றிப் பேச முதல் அங்கே காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், மழையில் ஒரு தரம் போய் நிற்கச் சொல்வார். “நிலம் காலியாக இருக்கிறது என்று சொல்வது எங்கள் தொழிலில் மிகப் பெரிய வாக்கியம். அதைச் சொல்ல முதல் அங்கே யார் வருகிறார்கள் என்று பார்” என்பார்.

சில வருடங்களுக்கு ஒரு முறை நகரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் தயாரிப்போம். நகரம் எப்படி வளர்ந்தது, என்ன தொழில் நடக்கிறது, யார் வாழ்கிறார்கள், எங்கே என்ன கட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலீட்டாளர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். நூலின் நடுவில் ஒரு வரைபடம். ஒவ்வொரு இடமும் எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு நிறம். பயன்பாடு இல்லாத இடம் வெள்ளை.

ஆற்றங்கரைப் பகுதியை அந்த முறை என்னிடம் தந்தார்கள். அந்தக் கரையில் நான் வேலை செய்தவன் என்பதால் தந்தார்கள்.

நான் நடந்தேன். ரயில் பாலத்தடியில் மடக்குக் கதிரை போட்டுத் தூண்டில் பிடிக்கும் ஓய்வூதியர்களைக் குறித்தேன். கோடையில் கலகலக்கும் படகுக் கழகத்தைக் குறித்தேன். நாய் கூட்டிவருபவர்களின் ஒற்றையடிப் பாதையைக்கூடக் குறித்தேன். நெசவாலையின் பின்னால் வந்தபோது படியில் வாடிய தர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். பிறகு அந்தத் துண்டை வெள்ளையாக விட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதற்குச் சில வாரங்கள் முந்தி, எங்கள் தமிழ்ச் சங்கம் விழா நாட்களில் ஒரு வாகனத் தரிப்பிடம் கேட்டு நகரசபைக்கு விண்ணப்பித்திருந்தது. நான் அதை ஆதரித்துப் பேசினேன். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் சக பொறியியலாளர் ஒருவர், நல்ல மனிதர், கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: “கவனம், இவரை விட்டால் ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் ஒரு கோயில் வைத்துவிடுவார்.” மேசையில் எல்லோரையும்விட உரத்துச் சிரித்தவன் நான்தான். அந்தச் சிரிப்பு வீடுவரைக்கும் கூட வந்தது. இனி என் ஆட்களைப் பற்றி இந்தக் கட்டடத்துக்குள் வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதற்கு நான் ‘நடுநிலை’ என்று பெயர் வைத்தேன்.

வரைபடத்தை இறுதியாக்கும் கூட்டம் நடந்தது. தலைவி, கட்டடக் கலைஞர்கள், நகர மன்றத்திலிருந்து ஒருவர். நெசவாலையை இடித்து ஆற்றைப் பார்த்த வீடுகள் கட்டலாம் என்ற யோசனை மேசைக்கு வந்தது. நகரம் கடைசியாக ஆற்றின் பக்கம் திரும்பப் போகிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சிதான். தலைவி பென்சிலால் அந்த வெள்ளைத் துண்டைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இங்கே யாரும் வருவதில்லையா?”

“இல்லை” என்றேன்.

“நிச்சயமாக?”

“ஆம்.”

அவர் ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நகர மன்றத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேனையை மூடினேன். தலைவி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பிள்ளைகளே, நெருக்கடி என்றால் சைரன் ஒலிக்கும், தொலைபேசி அலறும் என்று நினைக்காதீர்கள். வெள்ளம் வந்தபோது எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. இந்தக் கேள்விக்கு நேரம் இருக்கவில்லை.

நூல் அச்சாகிப் பாராட்டப் பெற்றது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்று வந்தது. கட்டுமுன் நகரத்தவர் கருத்துச் சொல்ல வாரக்கணக்கில் அவகாசம் கொடுப்பார்கள். நூலகத்தில் பொதுக்கூட்டமும் வைப்பார்கள். அறிவித்தல் டேனிஷில், நகரசபை இணையத்தளத்தில். எங்கள் ஆட்களில் வயதானவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும், மண்டபம் நிறைந்திருக்கும். நகரசபை ஊழியன் எதிர்ப்பைத் தூண்டிவிடக் கூடாது என்று என்னையே நம்பவைத்தேன்.

அந்த நாட்களில் பரமேஸைத் தமிழ்க் கடையில் கண்டேன். இருதய நோய் ஒரு தரம் வந்து போயிருந்தது, மெலிந்திருந்தான். முருங்கைக்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டதும் அதை வைத்துவிட்டு வந்தான்.

“என்ன அண்ணை, எங்கடை படியடியிலை ஆரோ நிண்டு அளக்கிறாங்கள். என்ன விசயம்?”

“அது வழமையா அளக்கிறதுதான். ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையோ?”

“ஒண்டுமில்லை பரமேஸ். நீ உடம்பைப் பார்.”

“உடம்பு கிடக்கட்டும். மனுசி யோகத்திட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், எனக்கும் அதிலைதான் செய்யோணும் எண்டு. அந்தப் படியிலை நான் குடிச்ச தேத்தண்ணிக்கு எனக்கொரு உரிமை இருக்கெல்லே.” சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் உடனே போகவில்லை. கையில் கூடையுடன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “சரி அண்ணை, வாறன்” என்றான்.

அந்த வருடம் ஆற்றோரம் வேலி வந்தது. அடுத்த தை மாதத்தில் பரமேஸ் இறந்தான்.

செத்தவீட்டுக்குப் போனபோது அவன் மனைவி யோகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள். அழுகை ஓய்ந்த குரலில் கேட்டாள்:

“அண்ணை, படியை வேலி போட்டு அடைச்சிருக்கிறாங்கள். அந்தியேட்டிக்கு ஒரு காலமை மட்டும் திறந்து விடச் சொல்லுவியளோ? நீங்கள் கொம்யூனிலைதானே இருக்கிறியள்.”

“நீர் யோசியாதையும். நான் பாக்கிறன்” என்றேன்.

அடுத்த நாள் தலைவியின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: படி, கொதிகலன் அறை, இத்தனை வருடக் கிரியைகள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“நான் உன்னிடம் கேட்டேன்.”

“ஓம், கேட்டீர்கள்.” பதற்றத்தில் ‘ஓம்’ தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

“ஏன்?”

“அவர்கள் என் ஆட்கள். எனக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பீர்கள் என்று பயந்தேன்.”

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பாலத்தடியில் மீன் பிடிக்கும் கிழவர்களில் ஒருவர் என் அண்ணன். அவரை நீ குறித்தபோது நான் அழிக்கச் சொன்னேனா?” என்றார். பிறகு கட்டட நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

மறுமுனையில் பேசியவர் நல்ல விதமாகத்தான் பேசினார். வேலியைத் திறப்பதில் அவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் படி இல்லை. அத்திவாரத்துக்காகக் கரையை வெட்டியபோது கற்களைத் தூக்கி எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது சேறும் இரும்புத் தகடும். யாரையும் இறங்க விட முடியாது.

“அந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் பார். மற்றதை நாங்கள் பிறகு பேசுவோம்” என்றார் தலைவி. பிறகு நாங்கள் பேசவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் எதையும் ஒரே தரம்தான் கேட்பார், ‘நிச்சயமாக?’ என்று கேட்கும் வழக்கம் நின்றுபோனது. அந்தக் கேள்வி ஒரு மரியாதை என்பது அது நின்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தியேட்டியைப் படகுக் கழகத்தின் இறங்குதுறையில் செய்தோம். பகிரங்கமான இடம். பரமேஸின் ஒரே மகள் துளசிதான் கிரியை செய்தாள். தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு அந்தக் குளிரில் பலகை மேடையில் இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஐயர் மந்திரத்தை வேகமாகச் சொன்னார். குளிர்காலத்திலும் துடுப்பு வலிக்கும் நாலைந்து பேர் படகுகளைத் தோளில் வைத்தபடி வந்து, எங்களைக் கண்டு, பார்ப்பதா விடுவதா என்று தெரியாமல் மறுபக்கம் திரும்பி நின்றார்கள். நாயோடு வந்த ஒரு பெண், வாத்துகளுக்குச் சோறு போடக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறது என்றார். நான் அருகில் போய் இது இறந்தவருக்கான சடங்கு என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, நாயை இழுத்துக்கொண்டு போனார். பிழை அவருடையது அல்ல.

உடுப்பு மாற்ற இடமில்லை. துளசி காரின் பின்னிருக்கையில் மாற்றினாள். கண்ணாடியை மறைத்துச் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றது தாய். சால்வையைப் பிடித்தபடியே யோகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணை, அந்தப் படியைப் பற்றி உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“இல்லை” என்றேன்.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அங்கே நல்ல வீடுகள் இருக்கின்றன. மாடங்கள் ஆற்றைப் பார்க்கின்றன. மாலையில் ஆட்கள் கரையில் நடக்கிறார்கள். நகரம் திரும்பிவிட்டது; அதில் தவறில்லை. வரைபடத்தில் அன்றைக்கு ஒரு நிறம் இருந்திருந்தால் அந்தப் படிகளை விட்டுவிட்டே வீடுகளைக் கட்டியிருப்பார்கள். இந்த நாட்டில் அது பெரிய விடயமே அல்ல. ஒரு மரத்துக்காக வீதியை வளைக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை உங்களுக்கு எழுதுவதென்று முடிவானபோது, நீங்கள் வாசிப்பதற்கு முதல் யோகத்துக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் மேட்டிலுள்ள அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்களை மேசையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணி வைக்க எழும்பியவளை இருக்கச் சொன்னேன்.

“யோகம், அண்டைக்கு நீர் கேட்டனீர், என்னை ஒருத்தரும் கேக்கேல்லையோ எண்டு. கேட்டவை. ஒருத்தரும் அங்கை வாறேல்லை எண்டு நான்தான் சொன்னனான்.”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டவையோ இல்லையோ எனக்குத் தெரியாது. அந்தப் படத்தைக் கீறினது நீங்கள் எண்டு தெரியும்.”

“எப்பிடி?”

“உங்கடை பேர் போட்டு அந்தப் புத்தகம் வந்த உடனை துளசி பாத்திட்டாள். ‘அம்மா, எங்கடை படியை வெறுமையா விட்டிருக்கினம்’ எண்டாள். லைப்ரரியிலை கூட்டம் எண்டதும் தான் போய்க் கதைக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டு, காலிலை சப்பாத்தும் போட்டிட்டாள். இவர்தான் வாசல்லை நிண்டு மறிச்சவர்.”

“பரமேஸோ? ஏன்?”

“‘அண்ணை அங்கை இருக்கிறார். அவர் ஒண்டைச் செய்தால் காரணம் இருக்கும். நாங்கள் அவருக்கு மேலாலை போய்க் கதைச்சால் வெள்ளைக்காரருக்கு முன்னாலை அவருக்கு மரியாதைக் கேடு. நான் அவரையே கேக்கிறன்’ எண்டார். கேட்டவர்தானே?”

கேட்டான். முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்து கேட்டான். எல்லாம் தெரிந்துகொண்டு, நானாகச் சொல்லட்டும் என்று, கூடையோடு காத்து நின்றான்.

“வந்து என்ன சொன்னவன்?”

“‘வழமையா அளக்கிறதாம்’ எண்டார். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. துளசிதான் தகப்பனோடை கன நாள் கதைக்காமல் இருந்தவள்.”

“அப்ப நீர் ஏன் அண்டைக்கு என்னைக் கேட்டனீர்?”

“சொல்லுவியள் எண்டுதான்.”

நான் என் பெயருக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். அவர்களும் என் பெயருக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தார்கள். சங்கத்தில் எத்தனை பேர் இப்படி இருந்தார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. நம்மவர்களுக்கு அலுவலகத்தில் ஒருவர் இருந்தால், வேறு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். அவர் பேசுவார் என்று இருந்துவிடுவார்கள். அவர் பேசாவிட்டால், அதற்கும் காரணம் இருக்கும் என்று இருந்துவிடுவார்கள். அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர்கள் நீங்கள்.

“என்னை மன்னியும் யோகம்” என்றேன்.

“நான் மன்னிச்சு என்ன அண்ணை. மன்னிக்கிற ஆள் போயிட்டார்.” ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். “ஒண்டு செய்வியளோ? எனக்குச் செய்யிறபோது பிள்ளை காருக்குள்ளை உடுப்பு மாத்தக்கூடாது. அவளுக்கு அண்டைக்குப் பிடிச்ச தடிமனும் இருமலும் ஒரு மாதம் நிண்டது. தண்ணிக்குக் கிட்ட, கதவு பூட்டக்கூடிய ஒரு அறையோடை, ஒரு இடம் பாத்துத் தாங்கோ. திருட்டுத்தனமா வேண்டாம். கேட்டு எடுங்கோ.”

பிறகுதான் எழும்பித் தேத்தண்ணி வைத்தாள்.

இந்த மாதம் முழுவதும் ஆற்றோரம் நடந்தேன். காலையில் போனேன், மத்தியானம் போனேன், மழையிலும் போய் நின்றேன். நகரத்துக்கு மேற்கே, புல்வெளி தொடங்கும் இடத்தில், நகரசபைக்குச் சொந்தமான ஒரு பழைய நீரிறைக்கும் கொட்டகை இருக்கிறது. கதவு பூட்டலாம். தண்ணீருக்கு இறங்கும் சரிவு இருக்கிறது. என் பெயரில், எதற்கென்று விளக்கமாக எழுதி விண்ணப்பித்திருக்கிறேன். அதைக் கையாளப்போகிறவர் உங்களில் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். பெரியவர் என்று எனக்குக் கதிரை தந்து கோப்பி ஊற்றிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். நம்மவர் விடயம் என்று பயந்து வேறு மேசைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். யார் வருவார்கள், எத்தனை தரம் வருவார்கள், தண்ணீருக்குள் என்ன போடுவார்கள் என்று கடுமையாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். வேறு இடம் பார்ப்பேன்.

சீக்கிரம் எழுதினால் நல்லது. யோகத்தைவிட எனக்கு வயது கூட.